ஒரே சிவப்பில் ஐந்து வட்டங்கள்: நோய் வரைபடத்தில் அலகுச் சிக்கல்

மத்திய சுகாதார அமைச்சகம் 2020 ஏப்ரல் 30 அன்று கொரோனா பரவலை வைத்து நாட்டின் மாவட்டங்களைச் சிவப்பு, ஆரஞ்சு, பச்சை என மூன்று மண்டலங்களாகப் பிரித்தது. தமிழகத்தில் சிவப்பான 12 மாவட்டங்களில் காஞ்சிபுரமும் ஒன்று. சென்னையை ஒட்டி வீடுகள் நெருங்கிக் கிடக்கும் குன்றத்தூர், ஆலைகள் நிறைந்த ஸ்ரீபெரும்புதூர், ஏரிப் பாசனத்தை நம்பிய உத்திரமேரூர் உட்பட அதன் ஐந்து வட்டங்களுக்கும் வரைபடத்தில் வேறுபாடே இல்லை. தொற்று எண்ணிக்கை, அது இரட்டிப்பாகும் வேகம், பரிசோதனையின் அளவு எனப் பலவற்றைக் கணக்கில் எடுத்தே மண்டலம் முடிவானது. ஆனால் படத்தைப் பார்ப்பவருக்கு அந்தக் கணக்கு தெரியாது. மாவட்டம் முழுக்க நோய் சமமாகப் பரவியிருப்பதாகவே கண் எடுத்துக்கொள்ளும். மாவட்ட எல்லை நிர்வாக வசதிக்குப் போட்ட கோடு, அதுவும் நிலையாக நிற்பதில்லை. 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டமானது. அதற்கு முந்தைய காஞ்சிபுரம் எண்ணிக்கையையும் பிந்தையதையும் அப்படியே அடுத்தடுத்த படங்களில் வைத்தால், குறையாத நோயும் குறைந்ததாகத் தெரியும்.

அப்படியானால் ஊராட்சி வாரியாகவே படம் போடலாமே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான், ஆனால் சிறிய அலகில் விகிதம் நம்மை ஏமாற்றும். தொழுநோயை எடுத்துக்கொள்வோம். பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்ற அளவை 2005 டிசம்பரில் எட்டியதாக இந்தியா அறிவித்தது. 1,200 பேர் வாழும் ஓர் ஊராட்சியில் ஒரே ஒருவருக்கு நோய் கண்டாலும் விகிதம் 8.3 ஆகிவிடும், படத்தில் அந்த ஊர் அடர்சிவப்பு. அவர் குணமடைந்ததும் அடுத்த ஆண்டு அதே ஊர் வெள்ளை. இரண்டு நிறமும் ஊரைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. ஒன்றிய அளவில் சில ஆண்டுகளின் எண்ணிக்கையைச் சேர்த்து விகிதம் கணக்கிட்டால் இந்தத் தள்ளாட்டம் பெரும்பாலும் அடங்கும்.

1854இல் லண்டன் சோஹோவில் ஜான் ஸ்னோ காலரா மரணங்களை வீடு வீடாகக் குறித்ததால்தானே நோயைப் பரப்பிய அடிகுழாய் பிடிபட்டது என்பது இதற்கு எதிரான வலுவான வாதம். நோயின் மூலத்தைத் தேடும் சுகாதாரத் துறைக்கு வீட்டளவுப் படம் தேவை என்பதில் எனக்கு ஐயமில்லை. அதைப் பொதுவெளியில் வைப்பதுதான் வேறு விஷயம். ஊரும் காலனியும் தனித்தனியே கிடக்கும் நம் கிராமங்களில், முப்பது வீட்டுக் குடியிருப்பின் மேல் வைத்த ஒரு புள்ளி ஆளையும் சாதியையும் சேர்த்தே காட்டிக்கொடுத்துவிடும். தொழுநோயை விவாகரத்துக்குக் காரணமாகக் காட்டும் சட்டப் பிரிவுகளே 2019இல்தான் நீங்கின. கொரோனா நோயாளிகளின் வீட்டுச் சுவரில் அறிவிப்பு ஒட்டும் வழக்கத்தையும், உரிய அதிகாரியின் உத்தரவின்றிச் செய்யக் கூடாது என 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கட்டுப்படுத்தியது. மக்களின் அறியும் உரிமைக்கு இதனால் குறைவில்லை: உத்திரமேரூர்க்காரர் தன் ஒன்றியத்தின் விகிதம், பரிசோதனை எண்ணிக்கை, எந்தத் தேதி வரையான கணக்கு என்பவற்றைக் கேட்டுப் பெறலாம்; அடுத்த வீட்டுக்காரரின் நோய் அந்த உரிமைக்குள் வராது.

பரிசோதனை எண்ணிக்கையைப் படத்திலேயே காட்டுவதற்குத்தான் நம் துறைகள் அதிகம் தயங்குகின்றன. சளி மாதிரி குறைவாக எடுத்த ஒன்றியம் காசநோய்ப் படத்தில் வெளிறித் தெரியும். நன்றாகத் தேடிய ஒன்றியம் சிவந்து, திட்டு வாங்கும். தேடல் குறைந்த பகுதிக்கு நிறம் தீட்டாமல் சாய்கோடு இட்டு, ‘தரவு போதாது’ என்று குறிப்பில் எழுதுவதற்குப் புதிய மென்பொருள் எதுவும் வேண்டியதில்லை.