எட்டா, ஒன்பதா?

ஐப்பசி பிறந்துவிட்டால் தொலைக்காட்சித் திரையின் அடியில் ஒரு வரி ஓட ஆரம்பிக்கும்: நாகை, கடலூர், பாம்பன் துறைமுகங்களில் இத்தனையாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றம். எங்கள் தெருவில் இதைக் கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி விசாரிப்பார்கள். மூன்று என்றால் அலட்சியம். ஐந்து என்றால் மெழுகுவத்தி, ரொட்டி, பால் பவுடர். எட்டு என்றால் பயம், ஒன்பது என்றால் இன்னும் கொஞ்சம் பயம், பத்து என்றால் பிள்ளைகுட்டிகளோடு பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பு. எண் ஏற ஏறப் புயலின் பலமும் ஏறுகிறது என்று ஊரே நம்புகிறது. அது பாதி உண்மை. மீதிப் பாதியை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் என் அப்பா. நாகப்பட்டினம் துறைமுகத்தில் கலாசி. கயிறு இழுத்து அந்தக் கூண்டைக் கொடிமரத்தில் ஏற்றியவர்களில் அவரும் ஒருவர்.

அவர் காலத்துக் கூண்டு, சட்டம் கட்டிக் கறுப்புக் கித்தான் போர்த்தியது. கூம்பு ஒரு வகை, உருளை இன்னொரு வகை. கூம்பின் முனை மேலே பார்க்கிறதா கீழே பார்க்கிறதா, கூட உருளை தொங்குகிறதா என்பதில் செய்தி அடங்கியிருக்கும். இரவில் சிவப்பும் வெள்ளையுமாக விளக்குகள். நங்கூரம் போட்டுத் தொலைவில் நிற்கும் கப்பலின் மாலுமி, எந்த நாட்டுக்காரனாக இருந்தாலும், தொலைநோக்கியை எடுத்துப் பார்த்த மாத்திரத்தில் புரிந்துகொள்ள வேண்டும். நாகையில் பெரிய கப்பல் கரையை ஒட்டி நிற்க முடியாது. கடுவையாற்று முகத்துவாரத்துக்கு வெளியே நிற்கும் கப்பலுக்குப் படகில்தான் சரக்கு போகும். அதனால் கொடிமரம் பேசுகிற மொழி அங்கே ரொம்ப அவசியம்.

இந்த ஏற்பாடு பிறந்தது எங்கள் கரையில் இல்லை. 1864 அக்டோபர் 5 அன்று கல்கத்தாவைத் தாக்கிய புயலில் ஹூக்ளி ஆற்றில் நின்ற கப்பல்களில் பெரும்பாலானவை நங்கூரம் அறுந்து கரையேறின, ஒன்றோடொன்று மோதி உடைந்தன. பல்லாயிரம் பேர் கடல்நீர் ஏறிச் செத்தார்கள். ஒரு மாதம்கூட ஆகவில்லை, நவம்பர் 1 அன்று மசூலிப்பட்டினத்தில் இன்னொரு புயல். அங்கும் பல்லாயிரம் சாவு. ஏகாதிபத்தியத்தின் தலைநகரத் துறைமுகமும் அதன் கப்பல்களும் அடிபட்டதும் அரசாங்கம் அசைந்தது. 1865-ல் கல்கத்தா துறைமுகத்துக்கு எச்சரிக்கை முறை வந்தது. 1875-ல் இந்திய வானிலைத் துறை அமைந்து பிளான்ஃபோர்டு அதன் தலைமைக்கு வந்தார். 1886-க்குள் இந்தியாவின் எல்லாத் துறைமுகங்களுக்கும் எச்சரிக்கை போக ஆரம்பித்தது. 1898-ல் எல்லாக் கரைக்கும் ஒரே மாதிரியான சைகைகள் வந்தன. இன்று நம் செய்தியில் ஓடும் எண்கள் சின்னச் சின்ன மாற்றங்களோடு அந்தப் பட்டியலிலிருந்தே வருகின்றன. தந்திக் கம்பி இல்லாவிட்டால் இதெல்லாம் நடந்திருக்காது. காற்று வருவதற்கு முன்னால் செய்தி வர, காற்றைவிட வேகமான ஒன்று வேண்டியிருந்தது.

பட்டியலை அப்பா மனப்பாடமாகச் சொல்வார். ஒன்று: தொலைகடலில் தாழ்வு மண்டலம், துறைக்கு ஆபத்தில்லை. இரண்டு: தொலைவில் புயலே உருவாகிவிட்டது, துறையை விட்டுக் கிளம்பும் கப்பல் யோசித்துக் கிளம்பட்டும். மூன்றில் விஷயம் மாறுகிறது: நம் துறைக்கே பலத்த காற்று வரப்போகிறது. நான்கு: புயல் துறையை நோக்கி வரலாம், இன்னும் நேரமிருக்கிறது. ஐந்து, ஆறு, ஏழு மூன்றும் அபாயம். எட்டு, ஒன்பது, பத்து மூன்றும் பெரும் அபாயம். கடைசியாகப் பதினொன்று. அது பத்தைவிடப் பெரிய புயல் என்று நினைப்பவர்கள் உண்டு. எச்சரிக்கை அனுப்பும் அலுவலகத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது, வானத்தைப் பார்த்து நீங்களே முடிவெடுத்துக்கொள்ளுங்கள் என்பதே அதன் பொருள்.

எட்டுக்கும் ஒன்பதுக்கும் பலத்தில் வித்தியாசமே கிடையாது. இரண்டும் ஒரே தரத்துக் கடும்புயல். புயல் போகிற பாதையில் முகம் வைத்து நின்றால் துறைமுகம் இடது கைப்பக்கம் இருந்தால் எட்டு, வலது கைப்பக்கம் இருந்தால் ஒன்பது, துறைமுகத்தின் மேலேயே அல்லது அதை ஒட்டியே வந்தால் பத்து. ஐந்து, ஆறு, ஏழுக்கும் இதே கணக்கு. கப்பலோட்டிக்கு இது உயிர்நாடி. பூமியின் நம் வடபாதியில் புயல் கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில் சுழல்கிறது. கிழக்கிலிருந்து மேற்கே வரும் புயலுக்கு வலப்பக்கம் என்பது வடக்கு. அங்கே காற்று கடலிலிருந்து கரைக்கு வீசும். கடலைத் தள்ளிக்கொண்டு வரும். இடப்பக்கமான தெற்கில் காற்று கரையிலிருந்து கடலுக்குப் போகும். ஒரே புயலில் வடக்கே இருக்கிற ஊரில் தெருவுக்குள் அலை வரும், தெற்கே இருக்கிற ஊரில் கடல் பின்வாங்கும்.

இதைப் புரிந்துகொண்டால் கூண்டு யாருக்காகக் கட்டப்பட்டது என்பதும் புரியும். கப்பல் கூண்டைப் பார்த்துவிட்டு நங்கூரத்தைத் தூக்கி ஆழ்கடலுக்குப் போய்விடலாம். கூரை வீட்டுக்கு நங்கூரமும் கிடையாது, போக்கிடமும் கிடையாது. ஆனாலும் கரைக்காரர்கள் அந்தச் சைகையை எட்டிப் பார்த்தார்கள். அக்கரைப்பேட்டையிலிருந்தும் கீச்சாங்குப்பத்திலிருந்தும் வருகிற ஆட்கள் கொடிமரத்தடியில் நின்று அப்பாவைக் கேட்பதை நான் பார்த்திருக்கிறேன்.

“என்னண்ணே ஏத்திருக்கீங்க?”

“மூணு.”

“மூணுதான? கிட்டக்கப் பாட்டுக்குப் போயிட்டு வெள்ளன வந்துர்றோம்.”

“ரெண்டு வரைக்கும்தான் தம்பி அது எங்கயோ இருக்கு. மூணுன்னா நம்ம துறைக்கு வருதுன்னு அர்த்தம். கட்டுமரத்த மேல ஏத்திக் கட்டு.”

சிலர் கேட்பார்கள். சிலர் அன்றைய உலைக்கு வழி பார்த்துக் கிளம்புவார்கள். அவர்களிடம் அவர்களுடைய கணக்கும் இருந்தது. வாடை நிலைத்து வீசுகிற மாதத்தில் காற்று திடீரென்று செத்து, புழுக்கம் ஏறி, அந்தியில் வானம் செங்கல் நிறமாகி, காற்றே இல்லாமல் கரையில் பெரிய அலை ஓசையில்லாமல் புரண்டால் யாரும் கடலில் இறங்க மாட்டார்கள். இந்தக் கணக்கு பல தடவை சரியாக இருக்கும். அது சொல்லும்போது ஒரு நாளுக்கும் குறைவான நேரமே மிச்சமிருக்கும் என்பதே அதன் குறை.

கரைக்காரர்களிடம் நேராகப் பேச ஆளில்லாத அந்தக் காலத்தின் விலை பெரியது. 1952 நவம்பர் 30 அன்று நாகைக்கருகே கரை கடந்த புயலில் ஏறத்தாழ நானூறு பேர் இறந்தார்கள்; கடல்நீர் பல கிலோமீட்டர் உள்ளே வந்தது. மூன்றே ஆண்டில், 1955 டிசம்பர் தொடக்கத்தில், அதிராம்பட்டினத்தை அடுத்த ராஜாமடம் பக்கம் இன்னொன்று. அங்கே கடல் இன்னும் ஆழமாக வயலுக்குள் ஏறியது. அதற்குப் பின் கொஞ்ச வருஷம் அந்த நிலங்களில் விதை முளைக்கவில்லை என்று என் ஆத்தா சொல்லும். 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடி. இலங்கையைக் கடந்து பாக் நீரிணையில் இறங்கி வந்த புயல் அது. பாம்பனிலிருந்து கிளம்பிய 653 எண் பாசஞ்சர் ரயில் தனுஷ்கோடியை எட்டுமுன் பயணிகளோடு அலைக்குள் போனது. பாம்பன் பாலத்தின் 146 கண்களில் 126 அடித்துப் போகப்பட்டன. தந்தியும் தண்டவாளமும் ஒன்றாக அறுந்ததால் அங்கே என்ன நடந்தது என்பதே வெளியே தெரியத் தாமதமானது. பதினொன்றாம் எண்ணுக்கு இதைவிடக் கொடுமையான உதாரணம் சொல்ல முடியாது. அப்பா அந்த எண்ணை மட்டும் வாயால் சொல்ல மாட்டார், விரலைக் காட்டுவார்.

1977 நவம்பர் 12 விடிகாலைப் புயல் நான் அனுபவித்தது. மையம் நாகைக்குத் தெற்கே சில கிலோமீட்டர் தள்ளிக் கரை ஏறியது. அதாவது எங்கள் ஊர் வலது கைப்பக்கம். முந்திய நாள் சாயங்காலம் அப்பா துறைமுகத்திலிருந்து வீட்டுக்கு வந்து அம்மாவிடம் நாலு வார்த்தை சொல்லிவிட்டுத் திரும்பப் போனார்.

“நமக்குத் தெக்கால போவுது. கடல் நம்ம பக்கம்தான் வரும். ஓட்டு வீட்டுல இருக்காத. புள்ளைங்கள இழுத்துக்கிட்டு மெத்தை வீட்டுக்குப் போயிரு.”

அந்தத் தெருவில் மெத்தை வீடு என்பது ஒன்றுதான். எத்தனை குடும்பம் அதற்குள் இருந்தது என்று யாரும் எண்ணவில்லை. நெல் மூட்டைகளுக்கும் ஆட்டுக்குட்டிகளுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தோம். காற்றின் சத்தம் நள்ளிரவுக்கு மேல் ஏறிக்கொண்டே போனது. ஓடுகள் எதிர்ச் சுவரில் மோதி உடைகிற சத்தம் முதலில் தனித்தனியாகக் கேட்டது, பிறகு அதுவும் கேட்கவில்லை. விடிந்து வெளியே வந்தபோது தூங்குமூஞ்சி மரங்கள் வேரோடு தெருவை அடைத்துக் கிடந்தன. நின்ற மரங்களிலும் பச்சை இல்லை. உப்புக் காற்று இலைகளைக் கருக்கியிருந்தது. கிணற்றில் தண்ணீர் கரித்தது. சம்பா நடவு முழுக்கத் தண்ணீருக்குள். அந்தப் புயலில் தமிழகத்தில் ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மழை திருச்சி வரை போய் அந்த நகரத்தையும் மூழ்கடித்தது. எங்கள் துக்கம் ஆறுவதற்குள், அடுத்த வாரம், நவம்பர் 19 அன்று ஆந்திரத்தின் திவி சீமையில் கடல் ஏறி ஏறத்தாழ பத்தாயிரம் பேர் போனார்கள்.

அந்த இரண்டு வாரங்கள்தான் திருப்பம் என்று நான் நினைக்கிறேன். புயலைக் கண்டுபிடிக்கும் ரேடார் சென்னைத் துறைமுகத்துக்கு 1973-லேயே வந்துவிட்டது. திருச்சி வானொலி புயல் செய்தி வாசித்துக்கொண்டுதான் இருந்தது. செய்தியைக் கேட்டவன் எங்கே போவான் என்பதற்குத்தான் பதில் இல்லாமல் இருந்தது. 1977-க்குப் பிறகு புயல் பாதுகாப்புக் கட்டடங்கள் கரையோரக் கிராமங்களில் எழுந்தன. 1999 ஒடிசா பெரும்புயலுக்குப் பின் எச்சரிக்கை நான்கு கட்டமாகப் பிரிந்து ஆட்சியர் அலுவலகங்களுக்கு நேரடியாகப் போக ஆரம்பித்தது. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நிறங்கள் வந்தன. எச்சரிக்கை கடலை விட்டுக் கரையைப் பார்த்துத் திரும்பியது இப்படித்தான்.

அது பலன் தந்ததா? 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தது. காற்று மணிக்கு 120 கிலோமீட்டருக்கு மேல். எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரை முன்கூட்டியே முகாம்களில் சேர்த்திருந்தார்கள். இறந்தவர்கள் நூறைத் தொடவில்லை. 1952-ஐயும் 1977-ஐயும் பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய மாற்றம் என்று தெரியும்.

முகாமிலிருந்து வீடு திரும்பியவர்களுக்கோ வீடு இருந்த இடத்தில் வானம்தான் இருந்தது. புஷ்பவனத்தில் என் மச்சானின் தோப்பில் முதலில் வாடைக்காற்று வடக்கிலிருந்து வந்து மரங்களைத் தெற்கே சாய்த்தது. கொஞ்ச நேரம் அமைதி. மையம் மேலே கடந்தது. பிறகு தெற்கிலிருந்து மறுகாற்று வந்து, ஏற்கெனவே வேர் ஆடிப்போன தென்னைகளைத் திருப்பிப் போட்டது. மாவும் முந்திரியும் முறிந்தன. கடல் கறுப்புச் சேற்றைக் கொண்டுவந்து கரையிலும் உப்பளத்திலும் கொட்டிவிட்டுப் போனது. மின்சாரம் வர வாரக்கணக்கில் ஆனது. விழுந்த தென்னைக்கு அரசு மரத்துக்கு 1,100 ரூபாய் அறிவித்தது. 600 இழப்பீடு, 500 வெட்டி அகற்றும் கூலி. நெட்டைத் தென்னை காய்க்க ஆறேழு வருஷமாகும். அதுவரை பிழைக்க மச்சானின் குடும்பம் திருப்பூர் போனது.

ஆக, நம் எச்சரிக்கை முறை முதலில் கப்பலைக் காப்பாற்றக் கற்றது, பிறகு மனிதனைக் காப்பாற்றக் கற்றது. அவன் எதை வைத்துப் பிழைத்தானோ அதைக் காப்பாற்ற இன்னும் கற்கவில்லை. எத்தனை தென்னை, எத்தனை மா, எத்தனை படகு, எத்தனை பாத்தி உப்பு என்ற கணக்கைப் புயல் போன பிறகு விழுந்து கிடக்கும் மரத்தடியில் நின்று எழுதுகிறோம். அதை ஆவணி புரட்டாசியிலேயே கிராமந்தோறும் எழுதி வைத்துக்கொள்ள முடியும். தென்னைக் காப்பீட்டின் சந்தாவை அந்தப் பட்டியலைக் கொண்டே வசூலிக்க முடியும். கஜாவில் பெரும்பாலும் அசையாமல் நின்ற பனையைத் தோப்பின் வரப்புகளில் மறுபடி ஊன்ற முடியும். மச்சான் திருப்பூரிலிருந்து வந்து போகும்போதெல்லாம் அதைத்தான் செய்கிறார். கல்கத்தாவில் கப்பலுக்காக ஆரம்பித்த எச்சரிக்கை கரைக்காரனின் வாசலுக்கு வந்து சேர நூறு வருஷத்துக்கும் மேல் ஆனது. தோப்புக்கும் உப்பளத்துக்கும் அவ்வளவு தவணை கிடையாது. ஐப்பசி வருஷத்துக்கு ஒரு தடவை வந்துவிடுகிறது.