மாட் நோபிளின் மரவீடு

கிராண்ட் டீட்டன் தேசியப் பூங்காவின் வரலாற்றை எழுத உட்காரும் எவரும், ஸ்நேக் ஆற்றங்கரையில் உள்ள ஒரு மரவீட்டுக்குள் நுழையாமல் மேலே செல்ல முடியாது. அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில், டீட்டன் மலைகளின் அடிவாரத்தில், முழு மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டிய எளிய வீடு அது.

மாட் நோபிள் என்ற பெண்மணிக்காக 1916-ல் காட்டன்வுட் ஓடைக்கரையில் எழுந்தது இவ்வீடு. 1918-ல் பில் மேனர் என்பவரின் படகுத்துறையை அவர் விலைக்கு வாங்கியபோது, வீட்டையும் ஸ்நேக் ஆற்றங்கரைக்கு இடம் மாற்றினார். இரண்டு மிதவைகள்மேல் ஒரு பலகைத் தளம், ஆற்றின் குறுக்கே ஒரு வடம்: துறையின் மூலதனம் இவ்வளவுதான். மிதவைகளை நீரோட்டத்துக்குச் சாய்வாகத் திருப்பிவிட்டால் ஆறே அக்கரைக்குத் தள்ளிச் சென்றுவிடும். உள்ளூர்க் காருக்கு 1 டாலர், வெளிமாநிலக் காருக்கு 2 டாலர் கட்டணம். 1927-ல் பாலம் வந்தது, படகு நின்றது.

அதற்குள் வீடு வரலாற்றில் இடம்பிடித்திருந்தது. 1923 ஜூலை 26 அன்று, பண்ணை விடுதி நடத்திய எழுத்தாளர் ஸ்ட்ரதர்ஸ் பர்ட் உள்ளிட்ட உள்ளூர்க்காரர்கள் சிலர், யெல்லோஸ்டோன் பூங்காவின் கண்காணிப்பாளர் ஹொரஸ் ஆல்பிரைட்டுடன் இங்கே கூடினர். விளம்பரப் பலகைகளும் கண்டபடி எழும் கடைகளும் மலையடிவாரப் பள்ளத்தாக்கின் அழகைக் கெடுத்துவிடும் என்பதே அவர்கள் கவலை. பூங்கா வேண்டுமென்று எல்லோரும் கேட்கவில்லை. தனியார் நிலங்களை வாங்கி, பழைய மேற்கத்திய வாழ்வை அப்படியே காக்க ஒரு செல்வந்தர் கிடைத்தால் போதும் என்றே பலர் நினைத்தார்கள்.

செல்வந்தர் கிடைத்தார். 1926-ல் ஆல்பிரைட் சுற்றிக்காட்டிய பள்ளத்தாக்கில் மனம் பறிகொடுத்த ஜான் டி. ராக்ஃபெல்லர் ஜூனியர், தம் பெயர் வெளியே தெரியாமல், ஒரு நிறுவனத்தின் வழியாகச் சுமார் 35,000 ஏக்கர் வாங்கினார். 1929-ல் அமைந்த பூங்காவுக்குள் மலைகளும் அடிவார ஏரிகளுமே வந்தன. பள்ளத்தாக்கு வெளியே நின்றது. 1943-ல் அதிபர் ரூஸ்வெல்ட் அதைத் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்ததும் பண்ணையாளர்கள் கொதித்தெழுந்து, அனுமதி பெறாமலே அந்நிலத்தின் வழியே மாடுகளை ஓட்டிச் சென்றார்கள். மேய்ச்சல் உரிமைக்கு இடம் தந்து, வயோமிங்கில் இனி நாடாளுமன்ற ஒப்புதலின்றி இத்தகைய அறிவிப்பு கூடாது என்றும் வரையறுத்த பிறகே, 1950-ல் பள்ளத்தாக்கு பூங்காவோடு இணைந்தது.

அன்று மாடு ஓட்டியவர்களில் ஒருவர் கிளிஃபர்ட் ஹான்சன். பின்னாளில் மாநில ஆளுநராகவும் செனட்டராகவும் உயர்ந்த அவரே, பூங்கா வந்தது நல்லதுக்குத்தான் என்று ஒப்புக்கொண்டார்.