கொதிக்க வைக்க முடியாத தோல்

வேடசந்தூர் சலூன்கள்ல இப்போ கேட்கிறது, புது பிளேடை ரெண்டா உடைக்கிற 'டக்' சத்தம். அதுக்கு முன்னாடி அங்க தோல்வார்ல சவரக்கத்தியைத் தீட்டுற சத்தம் இருந்தது. இன்னைக்கு அந்தத் தோலோட கதை.

முடிதிருத்துநரோட கருவிப் பைக்கு அடைப்பம்னு பேரு. அதுல கத்தி, கத்தரி, கல்லோட ஒரு தோல்வாரும் இருக்கும். கல்லுல தீட்டினா கத்திக்குக் கூர் வரும்; ஆனா விளிம்புல கண்ணுக்குத் தெரியாத பிசிறு நிற்கும். அதோட சவரம் பண்ணா முகம் எரியும். அந்தப் பிசிறை நீக்கி விளிம்பை வழவழப்பாக்குறது தோல்தான். கத்தியோட முதுகு முன்னால போற மாதிரி இழுக்கணும். மாத்தி இழுத்தா தோலே வெட்டுப்படும். திரும்பும்போது கத்தியை முதுகு மேலயே புரட்டணும். இதெல்லாம் கைப்பழக்கத்துல வர்றது.

இதுக்கு மரப்பட்டையில் பதனிட்ட கெட்டியான தோல் நல்லா பொருந்தும். அந்தக் கால மதராஸ் மாகாணத்துல தோல் பதனிட ஆவாரம்பட்டைதான் பேர்போனது. நம்ம வறண்ட காட்டுல மஞ்சளா பூக்குற அதே ஆவாரம். அப்பவே தோல் ஷாப்புகளுக்குப் பேர் வாங்கின ஊர்கள்ல திண்டுக்கல்லும் ஒண்ணு.

1904-ல அமெரிக்காவுல கிங் ஜில்லெட், தூக்கிப்போடுற பிளேடு வைக்கிற ரேசருக்குக் காப்புரிமை வாங்கினார். வீட்டுல சவரம் பண்றவங்க மெல்ல அதுக்கு மாறினாங்க. சலூன்ல மட்டும் கத்தியும் தோலும் ரொம்ப காலம் தாக்குப்பிடிச்சது. காரணம் எளிமையானது: ஒரு கத்தி வாங்கினா பல வருஷம் உழைக்கும், தீட்டுறதுக்குத் தனிச் செலவு கிடையாது.

1986-ல சென்னையில டாக்டர் சுனிதி சாலமனோட குழு, இந்தியாவுல முதல் முறையா எச்.ஐ.வி. தொற்றைக் கண்டுபிடிச்சது. அப்புறம் வந்த விழிப்புணர்வு பிரசாரங்கள், 'சலூன்ல புது பிளேடு கேளுங்க'ன்னு சொல்லிச்சு. இங்கதான் தோல்வாரோட பலவீனம் வெளியே வந்தது. கத்தியைக் கொதிக்க வைக்கலாம். தோலைக் கொதிக்க வச்சா சுருங்கி வீணாப்போயிடும். சுத்தம் பண்ண கத்தி திரும்பவும் எல்லாருக்கும் பொதுவான அதே தோல்லதான் உரசணும்.

ஆக, தோல்வார் கூர்மையில தோற்கல. ஒரே கத்தி பல முகத்துக்குங்கிற அடிப்படையே உடைஞ்சதுலதான் தோத்துச்சு. அது உடைஞ்சது நல்லதுக்குத்தான். ஆனா அதோட, வருஷக்கணக்குல பழகின ஒரு கைவேலையும் சலூனை விட்டுப் போய், ஃபேக்டரி மெஷினுக்குள்ள உட்கார்ந்திருச்சு. உங்க ஊர்ப் பெரிய முடிதிருத்துநர் யாராவது இருந்தா, தோல்ல எப்படி இழுப்பீங்கன்னு கேட்டுப் பாருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.