கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் நிற்பவர் யார்?

உங்க சொந்தத்துலயோ, தெருவுலயோ ஒரு எக்ஸ்-சர்வீஸ்மேன் இருந்தா 'மிலிட்டரி கேன்டீன்'ங்கிற வார்த்தையைக் கண்டிப்பா கேட்டிருப்பீங்க. சோப்புல இருந்து குக்கர் வரைக்கும் வெளிக்கடையை விட விலை கம்மி. கார்டு இருந்தாதான் பொருள் கிடைக்கும். அங்க வாங்க வர்றவர் ராணுவத்துக்காரர், சரி. கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் நின்னு எடுத்துக் கொடுக்கிறவர் யார்? அந்தக் கவுன்ட்டர் ஊர்ல இல்லாம, போர் நடக்கிற இடத்துல இருந்தா அவர் நிலைமை என்ன? இன்னைக்கு எபிசோட் அதைப் பத்திதான்.

16 வயசு கேன்டீன் பையன்

1942 அக்டோபர் 30, ராத்திரி. இடம், எகிப்துக்கு வடக்கே மத்தியதரைக் கடல். யு-559 என்ற ஜெர்மன் நீர்மூழ்கியை பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் மணிக்கணக்காகத் துரத்திக் குண்டு போட்டன. கடைசியில் அது மேலே வந்தது. உள்ளே இருந்தவர்கள் கடலில் குதித்துவிட்டார்கள். ஓட்டை வழியாகத் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது.

எச்.எம்.எஸ். பெட்டார்ட் என்ற கப்பலிலிருந்து டோனி ஃபேசன் என்ற அதிகாரியும், காலின் கிரேசியர் என்ற மாலுமியும் நீந்திப் போய் அந்த நீர்மூழ்கிக்குள் இறங்கினார்கள். கூடவே மூன்றாவதாக ஒருவனும் போனான். பெயர் டாமி பிரவுன், வயசு 16. அவன் மாலுமி கிடையாது. கப்பல் கேன்டீனில் சிகரெட், சாக்லேட், சோப்பு விற்கிற உதவியாளன். அந்த வேலைக்கே வயசைக் கூட்டிச் சொல்லித்தான் சேர்ந்திருந்தான்.

மற்ற ரெண்டு பேரும் இருட்டுக்குள் தேடி எடுத்துக் கொடுத்த புத்தகங்களையும் தாள்களையும் அவன் மேலே கொண்டுவந்து படகில் சேர்த்தான். தண்ணீர் ஏறுவதைப் பார்த்து "மேல வந்துடுங்க"ன்னு கத்தினான். அவங்க மேல வந்து சேர்றதுக்குள்ள நீர்மூழ்கி சட்டென்று மூழ்கிவிட்டது. ஃபேசனும் கிரேசியரும் அதோடு போய்விட்டார்கள். டாமி மட்டும் பிழைத்தான்.

அந்தத் தாள்களில் அப்படி என்ன இருந்தது? ஜெர்மன் நீர்மூழ்கிகள் வானிலைச் செய்தி அனுப்பப் பயன்படுத்திய குறியீட்டுப் புத்தகம். அட்லான்டிக் நீர்மூழ்கிகள் பயன்படுத்திய எனிக்மா சங்கேதம் 1942 பிப்ரவரியில் மாறியதிலிருந்து பிளெட்ச்லி பார்க்கில் இருந்த நிபுணர்களால் அதைப் படிக்க முடியவில்லை. பத்து மாசம் இருட்டு. இந்தப் புத்தகம் கைக்கு வந்த பிறகு, டிசம்பர் 13-ல் மறுபடியும் உடைத்தார்கள். ஜெர்மன் நீர்மூழ்கிகள் எங்கே காத்திருக்கின்றன என்று தெரிந்து, சரக்குக் கப்பல்களை வேறு வழியில் திருப்பிவிட முடிந்தது.

இறந்த இருவருக்கும் ஜார்ஜ் கிராஸ். டாமிக்கு ஜார்ஜ் மெடல். இந்த விருது விவகாரத்தில்தான் அவனுடைய உண்மையான வயசும் வெளியே வந்தது. அவன் அந்தப் பதக்கத்தைக் கையில் வாங்கவே இல்லை. 1945 பிப்ரவரியில் விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருந்தபோது தீப்பிடித்தது. சின்னத் தங்கையைக் காப்பாற்றப் போய் அவனும் இறந்தான். 1947-ல் அவன் அம்மாதான் மன்னரிடமிருந்து அந்தப் பதக்கத்தை வாங்கினார். மகன் கொண்டுவந்த தாள்களால் என்ன நடந்தது என்பது அப்போது ராணுவ ரகசியம். பிளெட்ச்லி பார்க் கதை பொதுவெளிக்கு வந்ததே 1970-களில்தான்.

நாஃபி எப்படி வந்தது?

டாமிக்குச் சம்பளம் கொடுத்தது கடற்படை இல்லை, 'நாஃபி' என்ற அமைப்பு. பிரிட்டனின் மூன்று படைகளுக்கும் கேன்டீனும் கடையும் நடத்திய நிறுவனம் அது. 1921-ல் வேலையைத் தொடங்கியது.

அதுக்கு முன்னாடி நிறைய கேன்டீன்கள் தனியார் கான்ட்ராக்ட்லதான் இருந்தது. அதுல என்ன நடக்கும்னு நமக்குத் தெரியாதா? 1914-ல் லண்டனில் பெரிய வழக்கே நடந்தது. கேன்டீன் ஒப்பந்தம் பிடிக்க ராணுவத்தினருக்கு லஞ்சம் கொடுத்ததாக, நாம் டீத்தூள் பாக்கெட்டில் பார்க்கிற அதே லிப்டன் நிறுவனத்தின் கேன்டீன் பிரிவு ஆட்களும், வாங்கிய ராணுவத்தினரும் தண்டிக்கப்பட்டார்கள். உடனே முதல் உலகப் போர். கேன்டீனை முழுக்கத் தனியாரிடம் விட முடியாது என்று புரிந்தது. லாபம் வந்தால் சிப்பாய்களுக்கே திரும்பிப் போகிற மாதிரி ஒரு பொது அமைப்பு வேண்டும் என்று உருவானதுதான் நாஃபி.

இரண்டாம் உலகப் போரின் உச்சத்தில் அதில் சுமார் 1 லட்சம் பேர் வேலை செய்தார்கள். பாதுகாப்பான ஊரில் மட்டும் இல்லை, பாலைவனத்திலும் வேனில் டீ வந்தது. ராணுவத்தோடு வெளிநாடு போன ஊழியர்களைப் படையிலேயே பதிவு செய்து சீருடை கொடுத்தார்கள். கப்பல் கேன்டீன்காரர்கள் மட்டும் சிவிலியன்களாகவே இருந்தார்கள். டாமி அந்த வகை.

ஒரு கையெழுத்து

சீருடை இருந்தா என்ன, இல்லாட்டி என்னன்னு தோணலாம். சட்டத்தில் அது பெரிய விஷயம். 1949-ன் மூன்றாம் ஜெனீவா ஒப்பந்தம், படையோடு அனுமதி பெற்றுப் போகிற சப்ளை ஒப்பந்தக்காரர்களையும், வீரர்களின் நலனைக் கவனிக்கிற ஊழியர்களையும் தனியாகக் குறிப்பிடுகிறது. எதிரியிடம் பிடிபட்டால் அவர்களையும் போர்க்கைதியாகத்தான் நடத்த வேண்டும். ஆனால், சிவிலியனாக இருந்துகொண்டே துப்பாக்கி தூக்கினால் அந்தப் பாதுகாப்பு கேள்விக்குறியாகிவிடும்.

1982 ஃபாக்லாந்து போர். எச்.எம்.எஸ். ஆர்டென்ட் கப்பலின் கேன்டீன் மேனேஜர் ஜான் லீக், முன்னாள் ராணுவ வீரர். போர் வந்ததும் கையெழுத்துப் போட்டு, கடற்படையில் பெட்டி ஆஃபீசராகச் சேர்ந்தார். மே 21 அன்று அர்ஜென்டினா விமானங்கள் கப்பலைத் தாக்கியபோது, அவர் இயந்திரத் துப்பாக்கியால் விமானங்களை நோக்கிச் சுட்டார். ஆர்டென்ட் மூழ்கியது, 22 பேர் இறந்தார்கள். லீக் உயிர் தப்பினார். வீரச் செயலுக்கான பதக்கமும் கிடைத்தது.

அதே போரில் பிரிட்டிஷ் கப்பல்களில் துணி துவைக்கிற ஹாங்காங் சீனர்களும் இருந்தார்கள். ஷெஃபீல்டு, கவென்ட்ரி என்ற இரண்டு கப்பல்கள் தாக்கப்பட்டபோது அவர்களிலும் உயிர்ப்பலி ஏற்பட்டது. லீக் கதை எத்தனையோ முறை சொல்லப்பட்டுவிட்டது. இவர்களைப் பற்றி யாராவது சொல்லிக் கேட்டிருக்கீங்களா?

2004: அம்மான் ஹோட்டல்

இராக், ஆப்கானிஸ்தான் போர்களில் அமெரிக்கா இந்த வேலையை ஒப்பந்தம், உப ஒப்பந்தம் என்று பிரித்துக் கொடுத்தது. முகாமுக்குள் பர்கர், பீட்சா கடை எல்லாம் இருந்தது. சமைத்தவர்கள், தட்டு கழுவியவர்கள், தரை துடைத்தவர்கள் பெரும்பாலும் நேபாளம், இந்தியா, பிலிப்பைன்ஸ் போன்ற நாடுகளிலிருந்து வந்தவர்கள். பிரிட்டன் வேண்டாம் என்று முடிவு செய்த அதே தனியார் முறை, பல மடங்கு பெரிசாகத் திரும்பி வந்தது.

2004 ஆகஸ்ட். 12 நேபாள இளைஞர்கள். பல பேரிடம் ஜோர்டான் தலைநகர் அம்மானில் ஹோட்டல் வேலை என்றுதான் ஏஜென்ட் சொல்லியிருந்தார். குடும்பங்கள் கடன் வாங்கிக் கட்டின. அங்கே போனதும் இராக்கில் உள்ள அல் அசாத் அமெரிக்க விமானத்தளத்துக்கு அனுப்பினார்கள். வழியிலேயே ஆயுதக்குழு கடத்தி, 12 பேரையும் கொன்றது. செய்தி வந்ததும் காத்மாண்டுவில் கலவரம் வெடித்தது. இந்தியாவும் அந்த ஆண்டு இராக் வேலைக்குப் போகத் தடை போட்டது.

குடும்பங்கள் பெரிய ஒப்பந்த நிறுவனத்தின் மேல் அமெரிக்காவில் வழக்குப் போட்டன. உப ஒப்பந்தக்காரரின் காப்பீட்டிலிருந்து சில ஆண்டுகள் கழித்து இழப்பீடு கிடைத்தது. ஆனால் பெரிய நிறுவனத்தின் மேலான வழக்கு நிற்கவில்லை. நடந்ததெல்லாம் அமெரிக்காவுக்கு வெளியே என்பது முக்கியக் காரணம். 2017-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே சொன்னது.

யோசிச்சுப் பாருங்க. டாமி சிவிலியன்தான். ஆனா அவன் யாரோட ஆள்னு கேட்டா ஒரே பதில், நாஃபி. லீக் கையெழுத்துப் போட்டது ஒரே ஒரு தாள்ல. அந்த 12 பேர் விஷயத்துல ஊர் ஏஜென்ட், அம்மான் ஏஜென்ட், உப ஒப்பந்தக்காரர், பெரிய ஒப்பந்தக்காரர், ராணுவம்னு இத்தனை பேர் இருந்தாங்க. 'இவங்க எங்க ஆளுங்க'ன்னு முன்னாடி வந்து சொல்ல ஒருத்தரும் இல்ல.

வெளிநாட்டு ராணுவ முகாம்ல கேட்டரிங் வேலைன்னு உங்களுக்குத் தெரிஞ்ச யாராவது கிளம்பினா, சம்பளம் எவ்வளவுன்னு கேட்கிறதுக்கு முன்னாடி, ஒப்பந்தத்துல கையெழுத்துப் போடுறது எந்த கம்பெனி, வேலை எந்த நாட்டுலன்னு எழுதியிருக்கான்னு கேளுங்க. அந்தக் கேள்வியைக் கேட்க அந்த 12 பேருக்கு வாய்ப்பே கிடைக்கல.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.