தெரிந்தவர்கள்

1974 அக்டோபரில் டோக்கியோவின் ‘புங்கெய் ஷுன்ஜு’ என்ற மாதப் பத்திரிகை, அன்றைய பிரதமர் தனாக்கா காக்குவெயின் பணபலத்தையும் ஆள்பலத்தையும் ஆராய்ந்து ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டது. எழுதியவர் தச்சிபானா தகாஷி. வயது 34. தத்துவம் படிப்பதற்காகப் பத்திரிகை வேலையை விட்டவர். ஏழு வாரங்களுக்குள் தனாக்கா பதவி விலகுவதாக அறிவித்தார். இது பலரும் சொல்லும் கதை. எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது, கட்டுரை வந்ததும் தினசரிகளின் அரசியல் நிருபர்களிடையே எழுந்த முணுமுணுப்பு: இதில் புதிதாக என்ன இருக்கிறது, எங்களுக்கெல்லாம் தெரிந்ததுதானே.

அவர்கள் பொய் சொல்லவில்லை என்பதுதான் விஷயம். ஜப்பானில் அமைச்சகங்களையும் கட்சிகளையும் ஒட்டி ‘கிஷா குராபு’ என்ற நிருபர் சங்கங்கள் உண்டு. இருக்க அறை அமைச்சகமே கொடுக்கும். அன்று தினசரிகளும் செய்தி முகமைகளும் ஒலிபரப்பு நிறுவனங்களுமே உறுப்பினர்கள். மாதப் பத்திரிகைக்காரனுக்கு உள்ளே இடமில்லை. இதற்கும் மேலாக, முக்கியத் தலைவர் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு தினசரியும் ஒரு நிருபரை ஒதுக்கிவிடும். காலையில் தலைவரின் வீட்டு வாசல். இரவில் அவருடைய வரவேற்பறை. தலைவர் மனம்விட்டுப் பேசுவார். குறிப்பேடு வெளியே வராது. அவர் பதவியில் உயர்ந்தால் நிருபருக்கும் ஆபீசில் மதிப்பு கூடும். வருஷக்கணக்கில் இப்படிப் பழகியவனிடம் ரகசியங்கள் குவிகின்றன. குவியக் குவிய, எழுதக்கூடியது குறைகிறது.

தச்சிபானாவுக்கு அந்த வரவேற்பறை கிடையாது. அவரும் உதவியாளர்களும் நிலப் பதிவேடுகளையும், கம்பெனிப் பதிவுகளையும், அரசியல் நன்கொடைக் கணக்குகளையும் புரட்டினார்கள். யார் வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கக்கூடிய காகிதங்கள். பெயரளவில் மட்டும் இருந்த கம்பெனிகள் அதில் தெரிந்தன. ஷினானோ ஆற்றுப் படுகையில் மலிவாக வாங்கப்பட்டு, அரசாங்கம் ஆற்றுக்கு வேலை செய்தபின் விலையேறிய நிலம் தெரிந்தது.

அப்போதும் தினசரிகள் தயங்கின. அக்டோபர் 22இல் டோக்கியோவிலிருந்த வெளிநாட்டு நிருபர்களின் மதிய விருந்துக்கு தனாக்கா போனார். அவர்கள் கட்டுரையைப் பற்றியே கேட்டார்கள். அதன்பிறகுதான் தினசரிகள் அதை முதல் பக்கத்துக்குக் கொண்டுவந்தன. அதுவும், அந்நியர்கள் கேட்டார்கள் என்ற செய்தியாக.

இதை விலைபோனவர்களின் கதை என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் தனாக்கா நிகாதா கிராமத்தில் பிறந்து, பல்கலைக்கழகத்தைக் காணாமல் மேலேறியவர். 1972இல் அவர் பிரதமரானதைச் சாமானியனின் வெற்றியாகப் பத்திரிகைகள் கொண்டாடின. பழகியவர்களுக்கு அவர்மேல் பிரியம் இருந்தது. பிரியத்தின் கண்ணுக்கு அந்த ஆற்றுப்படுகை நிலம்கூடத் தலைவரின் குணவிசேஷங்களில் ஒன்றாகிவிடுகிறது. லஞ்சத்தை ஒருவன் மறுத்துவிடலாம். பிரியத்தை மறுக்கவேண்டும் என்றே அவனுக்குத் தோன்றாது.

தனாக்கா 1976இல் லாக்ஹீட் வழக்கில் கைதானார்; 1983இல் நான்காண்டு தண்டனை பெற்றார்; மேல்முறையீடு முடியாமலே 1993இல் இறந்தார். நிருபர் சங்கங்கள் இன்றும் இருக்கின்றன.

சில நூறு பேருக்குள் எழுதி, அவர்கள் வீடுகளிலேயே காப்பி குடிக்கிற நாம் இந்த நிருபர்களைப் பார்த்துச் சிரிப்பதற்கில்லை. நண்பனின் தொகுப்பு மோசம் என்று திண்ணையில் ஒத்துக்கொள்கிறோம். மதிப்புரையில் அது வருவதில்லை. கேட்டால், எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்கிறோம். வாசகனுக்கு அது தெரியாது.