மலைச்சரிவும் மண்காப்புச் சட்டங்களும்

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்குச் செல்வோர் ஆழியாறு தாண்டியதும் நாற்பது கொண்டை ஊசி வளைவுகளை எண்ணிக்கொண்டே ஏறுவது வழக்கம். வளைவுதோறும் சரிவைத் தாங்கி நிற்கும் கல்கட்டுகள் ஒரு பழைய அறிவின் சின்னங்கள். மலையில் மண்ணை வெட்டுபவன் அதனைக் கட்டிவைக்கவும் கடமைப்பட்டவன் என்பதே அவ்வறிவு. அது சட்டமான வரலாற்றையும், நடைமுறையில் தளர்ந்த விதத்தையும் சுருக்கமாகக் காண்போம்.

ஆனைமலைக் காடுகள் 19ஆம் நூற்றாண்டில் முதலில் தேக்குக்காகவும் பின்னர்க் காப்பி, தேயிலைத் தோட்டங்களுக்காகவும் அழிக்கப்பட்டன. 1915ஐ ஒட்டி இங்கு வந்த வன அதிகாரி ஹியூகோ வுட், மரத்தை வேரோடு அகற்றாமல் அடிக்கட்டையை விட்டு வெட்டி மீண்டும் தழைக்கச் செய்யும் முறையைப் புகுத்தினார். வேர் நின்றால் மண்ணும் நிற்கும். 1933இல் மறைந்த அவரது கல்லறை டாப்சிலிப்பில் உள்ளது. எனினும் அது ஓர் அதிகாரியின் அக்கறை. அவர் போனபின் மக்களைக் கட்டுப்படுத்தும் சட்டமன்று.

1955இல் இயற்றப்பட்ட மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம், மண் அரிப்பைத் தடுக்கும் நோக்குடன் மரம் வெட்டுவதையும் சரிவில் பயிரிடுவதையும் முறைப்படுத்தியது. அன்று மண்ணுக்குப் பகை கோடரியும் கலப்பையுமே. கட்டடம் பெருகியபின் 1990இல் மலையிடப் பாதுகாப்புக் குழுமம் அமைக்கப்பட்டது. 1993இல் மலைநகரங்களுக்கெனத் தனிக் கட்டட விதிகள் வந்தன.

விதிகள் இருந்தும் மண் சரிவது ஏன்? உள்ளாட்சி அலுவலகம் ஆராய்வது வரைபடத்தை. ஆபத்து பிறப்பதோ அடித்தளம் தோண்டும் நாளில். பொக்லைன் ஒரே நாளில் வெட்டிவிடும் சரிவைத் தாங்கத் தடுப்புச்சுவர் எழ வாரக்கணக்காகும். அவ்விடைவெளியில் களத்துக்கு வந்து, வேலையை நிறுத்தச் சொல்லும் கண் தேவை. கட்டி முடித்தபின் வைக்கும் முத்திரையால் சரிந்த மண் மேலேறாது.

2009 நவம்பரில் நீலகிரியில் பெருமழையும் நிலச்சரிவுகளும் நாற்பதுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டன. 2024 பிப்ரவரி 7 அன்று உதகையை அடுத்த லவ்டேலில் மழையே இல்லை. தடுப்புச்சுவர் எழுப்பும் பணியின்போது மேலிருந்த கட்டடம் சரிந்து ஆறு பெண் தொழிலாளர்கள் இறந்தனர். அனுமதி பெற வேண்டியவர் ஒருவர், பார்வையிட வேண்டியவர் மற்றொருவர். உயிரைக் கொடுத்தவர்கள் கூலிக்கு மண் சுமந்தவர்கள்.

அடிவாரத்தில் நிலைமை வேறு. நாடு தழுவிய 2006ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் அறிவிக்கை, 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் கட்டப்பரப்புள்ள கட்டுமானங்களுக்கே முன்அனுமதி கோருகிறது. ஏறக்குறைய 2 லட்சத்து 15 ஆயிரம் சதுர அடி! பொள்ளாச்சியைச் சுற்றித் தென்னந்தோப்புகளை மட்டப்படுத்திப் போடும் மனைப்பிரிவில் எழும் எந்தத் தனிவீடும் அவ்வளவை எட்டாது. அமெரிக்காவிலோ 2003 முதல், ஓர் ஏக்கர் நிலத்தைக் கிளறினாலே மழைநீரோடு மண் வெளியேறாதபடி காக்கும் திட்டத்தோடு உரிமம் பெறவேண்டும்.

இங்கே குவித்துவைத்த மண் முதல் கோடைமழைக்கே பள்ளத்தில் இறங்கிக் குளத்தைத் தூர்க்கிறது. பின்னர் அதே குளத்தைத் தூர்வாரப் பொதுப்பணம் செலவாகிறது. வரப்பு உயர்த்தாமல் மழைக்காலத்தை எதிர்கொள்ளாதவர் கொங்கு உழவர். கட்டடம் எழுப்புவோரிடமும் அவ்வளவையே கேட்கிறோம்: தோண்டுமுன் வரப்பு, மழைக்குமுன் ஒரு பார்வையிடல், மீறினால் அன்றே வேலை நிறுத்தம். இதற்கு உள்ளாட்சியில் மண்ணறிந்த ஒரு பொறியாளரும், அவர் சொல்லுக்கு மதிப்பும் இருந்தால் போதும்.