வேலை போனதற்குச் சான்று: கெடா தோட்டங்களிலும் நகரங்களிலும் வேலைக் காப்புறுதி

மாதம் 1,700 ரிங்கிட் வாங்கும் சுங்கை பட்டாணித் தொழிலாளி ஒருவரின் சம்பளச் சீட்டில் மூன்று பிடித்தங்கள் இருக்கும். சேமநிதிக்கு 187 ரிங்கிட். சொக்சோவுக்கு 8 ரிங்கிட் 25 சென். அதற்கும் கீழே, பலரும் என்னவென்று கேட்டுக்கொள்ளாத எஸ்.ஐ.பி. என்ற வரிக்கு நேரே 3 ரிங்கிட் 30 சென். வேலைக் காப்புறுதித் திட்டத்துக்கான சந்தா அதுதான். முதலாளியும் தம் பங்குக்கு அதே 3 ரிங்கிட் 30 சென்னைக் கட்டுகிறார். இரண்டு தே தாரிக்கின் விலைகூட வராத தொகை என்பதால் வேலை இருக்கும்வரை அதை யாரும் பொருட்படுத்துவதில்லை. வேலை போன மாதத்தில்தான் அந்த வரியைத் தேடிப் பழைய சீட்டுகளைப் புரட்டுகிறார்கள்.

2017ஆம் ஆண்டின் வேலைக் காப்புறுதித் திட்டச் சட்டம், அதாவது சட்டம் 800, 2018 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ளது. நடத்துவது, சொக்சோ என்றும் வழங்கும் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கெசோ. முதலில் தாக்கல் செய்த மசோதா இரு தரப்பும் ஆளுக்கு 0.5 விழுக்காடு கட்ட வேண்டும் என்றது. முதலாளிகள் சம்மேளனம் கடுமையாக எதிர்த்தது, விகிதம் 0.2 விழுக்காடாகச் சுருங்கிய பிறகே 2017 அக்டோபரில் நாடாளுமன்றம் அதை நிறைவேற்றியது. பக்கத்துத் தாய்லாந்து இத்தகைய காப்புறுதியை 2004லேயே தொடங்கிவிட்டது. வியட்நாம் 2009ல் தொடங்கியது. கெடாவின் எல்லைக்கு அப்பால் இருந்த ஏற்பாடு இப்பால் வந்து சேர 14 ஆண்டு பிடித்திருக்கிறது.

உதவித் தொகையை, முன்பு வாங்கிய சம்பளத்தின் விழுக்காட்டில் கணக்கிடுகிறார்கள். முதல் மாதம் 80, இரண்டாம் மாதம் 50, அடுத்த இரண்டு மாதங்கள் 40, கடைசி இரண்டு மாதங்கள் 30. சட்டத்தின் அட்டவணைப்படி 1,700 ரிங்கிட்காரரின் கணக்கீட்டு ஊதியம் 1,650. ஆகவே முதல் மாதம் 1,320 ரிங்கிட், பிறகு 825, 660, 660, 495, 495. ஆறு மாதமும் கிடைத்தால் மொத்தம் 4,455. அவருக்காக இருவரும் சேர்ந்து மாதம் 6 ரிங்கிட் 60 சென் கட்டி இந்தத் தொகையைச் சேர்ப்பதென்றால் 675 மாதம் ஆகும். அதாவது 56 ஆண்டு. பலர் கட்டிச் சிலர் பெறுவதால்தான் இந்தக் கணக்கு நிற்கிறது. பெறுகிறவர் சிலராகவே இருக்க வேண்டும் என்ற கவலையும் அதிலிருந்தே பிறக்கிறது. திட்டத்தின் வாசலில் அதற்கேற்ற காவல் இருக்கிறது.

அந்தக் காவலைப் பற்றியதே இக்கட்டுரை. தொகை போதுமா என்ற கேள்வியைப் பலரும் கேட்டாயிற்று. கெடாவின் தோட்டங்களிலும் தொழிற்பேட்டைகளிலும் அதைவிட முந்தி நிற்கும் கேள்வி, வேலை போன விதத்தை யார் நிரூபிப்பது என்பது. தன் பங்கில் ஒரு தாளும் எழுதியிராத தொழிலாளியிடமே அந்தச் சுமையைச் சட்டம் வைத்திருக்கிறது. அவர் காத்திருக்கும் காலம் நீள்வதற்கும், வெறுங்கையோடு திரும்புவதற்கும் அடிப்படை இதுவே என்பது இக்கட்டுரையின் வாதம்.

இந்த வாதத்துக்கு நூறாண்டுப் பின்னணி உண்டு. 1907ல் மலாயாவில் தமிழர் குடிவரவு நிதி ஏற்பட்டது. தோட்ட முதலாளிகள் கட்டிய தீர்வையில் தொழிலாளரைக் கப்பலேற்றிக் கொண்டுவருவதே அதன் முதல் வேலை. 1930ல் ரப்பர் விலை சரிந்தபோது அதே பணம் எதிர்த்திசையில் ஓடியது. வேலையற்றவருக்கு அன்று கிடைத்த உதவி பினாங்குத் துறைமுகத்திலிருந்து ஊருக்கு ஒரு கப்பல் டிக்கெட்; 1930க்கும் 1932க்கும் இடையில் ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமான இந்தியர் இப்படித் திருப்பி அனுப்பப்பட்டனர். போகிறவரிடம் யாரும் சான்று கேட்கவில்லை. அனுப்புவது முதலாளிக்கும் அரசுக்கும் வசதியாக இருந்ததால் நடைமுறை எளிதாக இருந்தது என்று சொல்வது கசப்பானதுதான், ஆனால் மிகையில்லை. அந்த நிதி பின்னர் தென்னிந்தியத் தொழிலாளர் நிதியாகி, 1999ல் கலைக்கப்பட்டது. தோட்டத் தொழிலாளியின் உழைப்பைக் கணக்கிட்டு வசூலான பணம், வேலையிழந்தவருக்கான நிரந்தரக் காப்புறுதியாக ஒருபோதும் மாறவில்லை.

1950களில் வேறொரு விதமாக வேலை போயிற்று. சுதந்திரத்தை ஒட்டி வெளிநாட்டு நிறுவனங்கள் தோட்டங்களை விற்றன. வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாகப் பிரித்து மறுபடி விற்றார்கள். மலேசியத் தமிழர் இன்றும் ‘தோட்டத் துண்டாடல்’ என்று சொல்லும் அந்தக் காலத்தை அரசு கேட்டுக்கொண்டதன்பேரில் ஆராய்ந்தவர் பொருளியலாளர் உங்கு அசீஸ். துண்டாடப்பட்ட தோட்டத்தில் வேலை போனால் லயத்து வீடும் போகும்; பிள்ளைகள் படிக்கும் தமிழ்ப்பள்ளியும் ஆட்டம் காணும். இதற்கு எழுந்த பதில்களில் முக்கியமான ஒன்று கெடாவில்தான் முதலில் நிலத்தில் கால் ஊன்றியது. துன் வீ. தி. சம்பந்தன் 1960ல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம், தொழிலாளர் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டிச் சேர்த்த 100 வெள்ளிப் பங்குகளைக் கொண்டு 1961ல் வாங்கிய முதல் தோட்டம் கெடாவின் புக்கிட் சிடிம். வேலை போன பிறகு உதவி என்பதற்குப் பதிலாக, வேலையே போகாதபடி தோட்டத்தை வாங்கிவிடுவது என்ற இந்தச் சிந்தனை, இன்றைய காப்புறுதியைவிடத் துணிச்சலானது என்பதில் ஐயமில்லை. ஆனால் பங்கு வாங்கிய எல்லாரையும் அதனால் காக்க முடியவில்லை. 1969ல் குடியுரிமை இல்லாதவருக்கு வேலை அனுமதிப் பத்திரம் கட்டாயமானபோது, நாடு முழுவதும் பல்லாயிரம் தோட்டத் தொழிலாளர் மீண்டும் கப்பலேறினர். அப்போதும் முடிவு செய்தது ஒரு தாள்: குடிமகனின் நீல அட்டையா, மற்றவரின் சிவப்பு அட்டையா?

1980ல் வந்த பணிநீக்கப் பலன் விதிகள் சிலருக்கு நிலைமையை மாற்றின. ஓராண்டு தொடர்ந்து வேலை செய்தவருக்கு, பணிக்காலம் இரண்டு ஆண்டுக்குக் குறைவென்றால் ஆண்டுக்குப் 10 நாள் சம்பளம், ஐந்து ஆண்டுக்குக் குறைவென்றால் 15 நாள், அதற்கு மேல் 20 நாள். வேலை முடிந்த ஏழு நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும். மாதம் 1,700 ரிங்கிட் சம்பளத்தில், இருபது ஆண்டு ரப்பர் பால் வெட்டிய ஒருவருக்கு இது ஏறத்தாழ 22,000 ரிங்கிட். காப்புறுதியின் ஆறு மாதத் தொகையைவிடப் பல மடங்கு. சிக்கல் என்னவென்றால், கொடுக்க வேண்டியவர் கடையை மூடிவிட்டுப் போகிற அதே முதலாளி. 1998 பொருளாதார நெருக்கடியில் மலேசியத் தொழிற்சங்கக் காங்கிரஸ் தொழிலாளியிடம் ஒரு ரிங்கிட், முதலாளியிடம் ஒரு ரிங்கிட் வாங்கி ஆட்குறைப்பு நிதி அமைக்கச் சொன்னதற்கு இதுவே காரணம். அந்தக் கோரிக்கைக்கு ஏறத்தாழ இருபது ஆண்டு கழித்து வந்த விடையே சட்டம் 800.

இனி வாசலுக்கு வருவோம். தானாக விலகியவருக்கும், ஒழுங்கீனத்துக்காக நீக்கப்பட்டவருக்கும், ஓய்வு பெற்றவருக்கும், தவணை ஒப்பந்தம் முடிந்தவருக்கும் இந்தக் காப்புறுதி இல்லை. காகிதத்தில் இவை தெளிவான நான்கு வகைகள். நடப்பில் ஒரு தொழிற்சாலை ஆளைக் குறைக்கும்போது மேற்பார்வையாளர் ஒரு தாளை நீட்டுவார். அதில், சொந்தக் காரணங்களுக்காக இந்தத் தேதியோடு விலகிக்கொள்கிறேன் என்று மலாயில் ஏற்கெனவே தட்டச்சு செய்திருக்கும். கீழே பெயரும் அடையாள அட்டை எண்ணும் எழுத இடம். கையெழுத்துப் போட்டால் இந்த மாதச் சம்பளமும் மிச்சமிருக்கும் விடுப்புக்கான பணமும் இன்றைக்கே கிடைக்கும் என்பார். வீட்டுக் கடன் தவணை நெருங்கும் மாதத்தில் இதை மறுக்கிறவர் குறைவு. அந்தக் கையெழுத்தோடு அவர் காப்புறுதியின் கண்ணில் ‘தானாக விலகியவர்’ ஆகிவிடுகிறார். பணிநீக்கப் பலனும் அதோடு போகிறது. நெருக்கடி கொடுத்து விலகச் செய்ததையும் சட்டம் வேலை இழப்பாக ஏற்கும் என்பது உண்மையே. ஆனால் அப்படித்தான் நடந்தது என்பதை எழுத்தில் காட்ட வேண்டியவர் தொழிலாளி. எழுத்தில் இருப்பதோ அவருடைய கையெழுத்து.

தோட்டப்புறத்தில் தாளே இருக்காது. பாடாங் செராய், பீடோங், கோலா கெட்டில் பக்கம் குத்தகைக்காரர் வழியாகவும் பங்குக்கும் பால் வெட்டுகிறவர் பலருக்குச் சம்பளச் சீட்டு கிடையாது. சீட்டு இல்லையென்றால் சந்தா இல்லை. முதல் முறை கோருகிறவர் கடைசி 24 மாதத்தில் குறைந்தது 12 மாதச் சந்தா கட்டியிருக்க வேண்டும். 57 வயதுவரை ஒரு மாதச் சந்தாவும் கட்டாதவரை அதற்குப் பிறகு திட்டத்தில் சேர்ப்பதில்லை. குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டுமே இந்தத் திட்டம் என்பதால், பிறப்புப் பத்திரமே இல்லாமல் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர் வரிசையிலேயே நிற்க முடியாது.

பருவமும் ஒரு பிரச்சினை. கெடாவில் ஆண்டின் தொடக்க மாதங்களில் ரப்பர் மரம் இலையுதிர்த்து நிற்கும். பால் குறையும், சில தோட்டங்களில் வெட்டே நின்றுவிடும். தொழிலாளியின் பெயர் பதிவேட்டில் இருக்கும், கையில் பணம் இருக்காது. வருமானம் குறைந்தவருக்கான உதவி என்று காப்புறுதியில் ஒன்று உண்டு. ஆனால் அது ஒன்றுக்கு மேற்பட்ட வேலை பார்த்து அவற்றில் ஒன்றை இழந்தவருக்கானது. வெட்டு நின்ற ஒரே வேலைக்காரர் அதில் சேரமாட்டார். 1980 விதிகளில் மட்டும் இதற்கொரு கதவு இருக்கிறது. தொடர்ந்த நான்கு வாரத்தில் 12 வேலை நாளாவது முதலாளி வேலை கொடுக்காமலும் சம்பளம் கொடுக்காமலும் விட்டால் அது வேலையிலிருந்து நிறுத்தி வைப்பு எனக் கொள்ளப்படும்; பலன் கேட்கலாம். இந்த விதியைத் தெரிந்து, தொழிலாளர் இலாகாவில் புகார் எழுதும் பால்வெட்டுத் தொழிலாளி அரிது.

கோரிக்கை ஏற்கப்பட்டவருக்கும் காத்திருப்பு உண்டு. வேலை போன நாளிலிருந்து 60 நாளுக்குள் மனு செய்தாக வேண்டும். நீக்கக் கடிதம், கடைசி மாதங்களின் சம்பளச் சீட்டுகள், வங்கிக் கணக்கு விவரம் வேண்டும். கடைசி ஆறு மாதச் சராசரியே அடிப்படை என்பதால், மிகைநேர வேலை குறைந்துபோன கடைசி மாதங்கள் தொகையையும் கீழே இழுக்கும். பிறகு மாதாமாதம் வேலை தேடியதற்கான ஆதாரத்தை இணையத்தில் பதிவு செய்தால்தான் அடுத்த தொகை வரும். சுங்கை பட்டாணியிலோ கூலிமிலோ முப்பது வயதுக்காரருக்கு இது கைத்தொலைபேசியில் முடிகிற காரியம். ஐம்பது வயதில் தமிழ் மட்டும் வாசிக்கத் தெரிந்த ஒருவர் பள்ளிக்கூடம் போகும் பேரனை நம்பியிருக்கிறார். அந்த வயதில் அவருக்குப் பொருத்தமான வேலைகள் இணையத்தில் எத்தனை இருக்கும் என்பது வேறு கேள்வி.

எதிர்வாதத்தையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். விலகல் கடிதத்தை மதிக்காமல் கேட்டவருக்கெல்லாம் கொடுத்தால், 0.2 விழுக்காட்டுச் சந்தாவில் நிதி தாங்காது. நல்ல சம்பளத்துக்கு இடம் மாறுகிறவரும் இடைவெளிக்குப் பணம் கேட்பார். இந்த அச்சம் பொய்யல்ல. 675 மாதக் கணக்கே அதற்குச் சாட்சி. ஆனால் ஏமாற்றுக்காரரைத் தடுக்க, ஆதாரம் இல்லாதவரிடம் ஆதாரம் கேட்பது ஒன்றுதான் வழி என்று ஆகிவிடாது. ஆதாரம் வைத்திருப்பவரிடம் கேட்கலாம். ஒரே மாதத்தில் ஒரே தொழிற்சாலையிலிருந்து இருபது பேரின் சந்தா நின்றுபோனால் அது பெர்கெசோவின் சொந்தப் பதிவேட்டிலேயே தெரியும். அத்தனை பேருக்கும் அதே மாதத்தில் சொந்தக் காரணம் எப்படி வந்தது என்ற கேள்விக்கு முதலாளி பதில் சொல்லட்டும். அந்தப் பதில் வரும்வரை முதல் மாதத் தொகையை நிறுத்தி வைக்க வேண்டியதில்லை. கோவிட் காலத்தில் சம்பளமில்லா விடுப்பில் அனுப்பப்பட்டவருக்கு மாதம் 600 ரிங்கிட் கொடுத்தபோது, முதலாளி வழியாகவே மனு வாங்கி இதே பெர்கெசோ பணத்தைச் சேர்த்தது. ஆகவே முடியாத காரியம் என்று இதை ஒதுக்க முடியாது.

ஆள் குறைக்கும் எந்த முதலாளியும் குறைந்தது 30 நாளுக்கு முன்பே பி.கே. பாரத்தை நிரப்பித் தொழிலாளர் இலாகாவிடம் கொடுத்தாக வேண்டும் என்பது 2004 முதல் நடப்பில் உள்ள விதி. யார், எந்தத் தேதியில், ஏன் என்ற மூன்றும் அந்தப் பாரத்தில் இருக்கும். அதைப் பெறும் தொழிலாளர் இலாகாவும், அந்தத் தகவலையே தொழிலாளியிடம் மறுபடி கேட்கும் பெர்கெசோவும் ஒரே மனிதவள அமைச்சின் கீழ் இயங்குகின்றன.